செவலைக்கும் ஓர் இடம்

ஜல்லிக்கட்டுத் தகுதிச் சான்று கொடுக்கும் நாள் வந்தாலே மாட்டு டாக்டரான எனக்குக் கை பரபரக்கும். அன்று அன்னவாசலில் காளைகள் ரோடு வரை நின்றன.

அடைக்கலசாமி தன் செவலைக் காளையை டாட்டா ஏஸிலிருந்து இறக்கினார். கூடவே மனைவி செபமாலை, கையில் மாவுக்கட்டோடு.

“மாடு முட்டிருச்சுங்க,” என்றார் அடைக்கலசாமி, நான் கேட்காமலே. “அம்புட்டு வேகம்.”

காளையின் தொடையில் பெல்ட் பக்கிளின் அச்சு, பழையதும் புதியதுமாக. எனக்கு ரத்தம் கொதித்தது. வாயில்லா ஜீவனை இப்படி அடிக்கிற கை வீட்டில் மட்டும் சும்மா இருக்குமா?

சான்றுக்கு, உரிமையாளர் காளையோடு நிற்கும் போட்டோ வேண்டும். அடைக்கலசாமி கயிற்றைத் தொட்டதும் செவலை நடுங்கி மூத்திரம் பெய்தது; அடுத்த நொடி திமிறிப் பாய்ந்தது. கூட்டம் சிதறி ஓடியது.

செபமாலை மட்டும் எதிரே ஓடினார். “ராசா, ஒண்ணுமில்லடா.”

காளை அவருடைய மாவுக்கட்டின் மேலேயே தாடையை வைத்து நின்றது. முட்டிய மாடு இதுதானாம்! விலகிய சேலைக்குள், தோளில் அதே பக்கிள் அச்சு.

“இந்தக் காளைக்குச் சான்று கிடையாது. அடிச்ச காயம் இருக்கு. போலீசுக்குச் சொல்றேன்,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அடைக்கலசாமி எகிறிக்கொண்டு வந்தார். மற்ற மாட்டுக்காரர்கள் அவரை மறித்துக்கொண்டார்கள். மாட்டை அடித்தவன் என்றதும் அவர்களுக்கு வந்த கோபம் இருக்கிறதே, எனக்கே குஷியாகிவிட்டது.

மகளிர் காவல் நிலையத்துக்குப் போன் செய்துவிட்டு, செபமாலையைத் தனியே அழைத்தேன். “ஏம்மா இன்னும் அந்த வீட்ல இருக்கீங்க?”

“நான் போயிட்டா செவலையக் கொன்னுருவேங்கிறாருங்க.”

“அதையும் கூட்டிக்கிட்டுப் போங்க.”

வண்டி ஓட்டிவந்த இன்னாசி பின்கதவைத் திறந்துவிட்டார். “எங்கிட்டுப் போகணும்க்கா? சொல்லுங்க, போவோம்.”

“ஆவூர்ல எங்க அண்ணன் இருக்காக.”

போலீஸ் ஜீப் வந்து நின்றது. செபமாலை சொன்ன அண்ணன் நம்பரை நான் என் போனில் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துப் பிடித்தேன். செபமாலை போன் பக்கம் குனிந்தார்.

“அண்ணே, நம்ம கொட்டாயில ஒரு மாடு கட்ட எடமிருக்குமா?”

“மாட்டுக்கு எடமிருக்கு தாயி,” என்றது அந்தப் பக்கம். “நீ வாரியா, அதச் சொல்லு மொதல்ல.”