வீடு பார்க்க வந்தவர்கள்

சாவு வீட்டு வெள்ளைக் கொடியை எதில் கட்டுவது என்று தெரியாமல் றஊப் கேற்றடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் ஏறி நின்றான். இருந்த ஒரே கம்பத்தில் ‘இவ்வீடு விற்பனைக்கு’ என்ற பலகை தொங்கியது. எழுத்தெல்லாம் வெயிலில் வெளிறிப் போயிருந்தது. தொலைபேசி இலக்கம் மட்டும் அடிக்கடி புதுப் பெயிண்ட் கண்டு பளிச்சென்றிருந்தது.

"பலகையக் கழட்டவா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டான்.

"கழட்டினா வாப்பா எழும்பி வந்திருவாரு மச்சான்," என்றாள் அவன் மனைவி அப்னா. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவன் கொடியைப் பலகைக்கு மேலேயே கட்டினான்.

அப்னாவின் தகப்பன், றஊபின் மாமா முகம்மது தம்பி, விடிகாலை சுபஹுத் தொழுதுவிட்டு வந்து பிளேன்டீ கேட்டவர். அது ஆறுவதற்குள் போய்விட்டார். சாய்ந்தமருதில் வீடு, வளவு தரகென்றால் அவர்தான். ஊரில் பாதிப் பேரைக் குடியேற்றிய மனிதர், தன் வீட்டை விற்றுத் தள்ள முடியாமல் போய்ச் சேர்ந்தார். பொருளாதார நெருக்கடிக்குச் சற்று முன்னால்தான் இந்த மாடி வீட்டை வாங்கினார். நல்ல விலைக்கு விற்று, அந்தக் காசில் இளைய மகள் நுஸ்ஹாவுக்குப் பின்தெருவில் வீடு முடிப்பது திட்டம். இந்தக் கரையில் பெண்ணுக்கு வீடு எழும்பாமல் கல்யாணம் எழும்பாது. ஆனால் எழும்பியது சீமெந்தின் விலைதான். வாங்குகிற ஆட்கள் மாயமாய்ப் போனார்கள். நுஸ்ஹாவின் வீடு ஜன்னல் மட்டத்தோடு நின்றது. அவள் அறையாக வேண்டிய இடத்தில் ஒரு முருங்கை தானாக முளைத்துக் காய்க்கவும் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் இனிப் பொறுக்க ஏலாது என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

மாமாவோ விலையில் ஒரு சதம் இறங்கவில்லை. "கொஞ்சம் பொறுங்க மனே, மார்க்கட் எழும்பும்" என்பார். ஆளில்லாத வீட்டுக்கு விலை இல்லை என்று மாமியையும் நுஸ்ஹாவையும் கூட்டிக்கொண்டு இங்கேயே குடிவந்தார். மேலே சும்மா கிடந்த நாலு அறைக்கும் மாமிதான் நாள் தவறாமல் தும்புத்தடி போட்டுக் கூட்டினாள். யாராவது வீடு பார்க்க வருகிறார்கள் என்றால் போதும், கல்முனைச் சந்தையில் போன் திருத்திக்கொண்டிருக்கும் றஊபுக்கு அழைப்பு வரும்: "மகன், ஷேர்ட்ட உள்ளுக்கு விட்டுக்கு ஓடி வாங்க!" அவன் வந்து, வீடு வாங்க வந்த அக்கரைப்பற்று டொக்டராக நின்று சுவரைத் தட்டிப் பார்ப்பான். பக்கத்து வீட்டு வயரிங் றாஸிக், கட்டாரிலிருந்து வந்த இன்ஜினியர். போகும்போது கேற்றடியில் நின்று, மெய்யாக வாங்க வந்தவரின் காதில் விழுகிறமாதிரி றஊப் சத்தமாகச் சொல்ல வேண்டும்: "நாளைக்கு வாறன். வேற ஆருக்கும் குடுத்துராதீங்க!"

எத்தனை தரம் அப்படிச் சொல்லியிருப்பான் என்று அவனுக்கே கணக்கில்லை. அலுத்துப்போய் மனதுக்குள் திட்டியும் இருக்கிறான்.

நண்பகல் லுஹர் தொழுகையோடு அடக்கம் என்று பள்ளியில் அறிவித்தார்கள். பந்தல் நிறைந்து, ஆட்கள் வீதி வரைக்கும் நின்றார்கள். மாமா இத்தனை காலமும் இந்தக் கேற்றடியில் காண ஆசைப்பட்ட கூட்டம் அது. வந்தவர்களில் பாதிப் பேர் ஸலாம் சொன்ன கையோடு அண்ணாந்து மாடியைப் பார்த்தார்கள். ஒருவர் படிக்கட்டுக் கம்பியை ஆட்டியும் பார்த்தார்.

அப்போதுதான் வெள்ளை வான் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் மருதமுனையில் சாறன் கடை வைத்திருக்கும் ஸஹீத். மகளுக்குக் கொடுக்க வீடு தேடி ஏற்கெனவே இரண்டு தரம் வந்து, நியாயமான விலையும் கேட்டுப் போனவர். கூட்டத்தைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். பிறகு றஊபைப் பார்த்தார்.

"ஓ, டொக்டரும் வந்திரிக்காரு! அங்க இன்ஜினியரும் நிக்காரு!"

"மாமா மௌத்தாப் பெய்த்தார் ஹாஜி," என்றான் றஊப்.

"மாமாவா? டொக்டருக்கு மாமாவா?" ஸஹீத் விழுந்து விழுந்து சிரித்தார். "மொத வாட்டி வந்தன், வாங்க ஆள் நிக்கிண்டீங்க. ரெண்டாம் வாட்டி, சுகமில்ல, கதைக்க ஏலாதுண்டு போர்த்துக்கிட்டுக் கிடந்தாரு. அடுத்த வாட்டி மௌத்துண்டு சொல்லுவீங்கண்டு அண்டைக்கே என்ட பொஞ்சாதிக்கிட்டச் சொன்னன்! கொடி வேற! கெட்டிக்காரர்தான். அவர எழும்பி வரச் சொல்லுங்க, கேட்ட விலையே தாறன்!"

பந்தலில் றாஸிக் விம்மிக்கொண்டிருந்தான். இன்ஜினியர் இப்படி மூக்கைச் சிந்தி ஸஹீத் பார்த்ததில்லை. அவருடைய சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கபன் துணி சுற்றி, முகம் மட்டும் திறந்து கிடத்தியிருந்தார்கள். விலையை இறுக்கிப் பிடிக்கும்போது இருக்கிற அதே முகம்.

"இன்னாலில்லாஹி..." என்று சுவரில் சாய்ந்துவிட்டார். பிறகு அறை வாசலில் தொங்கிய திரைக்கு முன்னால் வந்து நின்றார். உள்ளே மாமி நாச்சியா இருந்தாள். இந்தக் கரையில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள்.

"தாத்தா, மன்னிச்சிருங்க. தெரியாமக் கதைச்சிட்டன். ஆனா மையத்துக்கு முன்னால சொன்ன சொல்லு. அவர் கேட்ட விலைக்கே எடுக்கிறன்."

"வேணா தம்பி," என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல். அழுது கம்மிப் போயிருந்தாலும் தெளிவாக இருந்தது. "அந்த விலைய அவரே நம்பல்ல. போன தரம் நீங்க கேட்டத்துக்கே எடுங்க. புள்ளைக்கு வீட்ட முடிக்க அது காணும்."

"இல்ல தாத்தா, அவர் கேட்டது..."

"அதுக்கு மேல ஒரு சதமும் வேணா!"

வாங்க வந்தவர் கூட்டுகிறார், விற்கிறவள் குறைக்கிறாள். இப்படி ஒரு பேரத்தை ஊர் கண்டதில்லை. மாமா இப்போது கபனை உதறிவிட்டு எழும்பி, "உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தப் போகிறார் என்று றஊப் மெய்யாகவே பயந்தான். எழும்பினால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்றும் நினைத்தான்.

கடைசியில் ஸஹீத்தான் தோற்றார். "சரி தாத்தா. எப்ப எழுதுவம்?"

"புருஷன் மௌத்தான வீட்டுலதானே நான் இத்தா இருக்கணும். நாலு மாசம் பத்து நாள். அதுக்கு முதல் வெளிக்கிட ஏலா. பொறுப்பீங்களா?"

"பொறுக்கன்."

பந்தலின் முன்வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் வாப்பா தொண்டையைச் செருமினார். எல்லோரும் திரும்பிப் பார்க்கவும், "அப்ப... நாங்களும் பொறுக்கம்," என்றார். திரைக்குப் பின்னால் நுஸ்ஹா பெருங்குரலெடுத்து அழுதாள். காலையிலிருந்து அவள் வாய்விட்டு அழவே இல்லை.

மையத்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியபோது முன்பக்கம் றஊபும் றாஸிக்கும் தோள் கொடுத்தார்கள். பின்பக்கம் ஸஹீத். கேற்றைத் தாண்டும்போது அந்தப் பலகை சந்தூக்கில் இடித்துக்கொண்டு ஆடியது. யாரோ கையால் பிடித்து நிறுத்தினார்கள்.

கடற்கரைப் பக்கத்து மையவாடியில் அடக்கம் முடிந்து, துஆ ஓதி, ஆட்கள் கலைந்தார்கள். ஸஹீத் வானில் ஏறும்போது, "வாங்க டொக்டர், இறக்கி விடுறன்," என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம்," என்று றஊப் திரும்பி நடந்தான்.

மண் இன்னும் ஈரமாக இருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றான். ஷேர்ட் வெளியே தொங்குவதைக் கண்டு உள்ளே விட்டுக்கொண்டான்.

"நாளைக்கு வாறன் மாமா," என்றான், வழக்கம்போலச் சத்தமாக.