வீட்டுக்கு ஒருவர்

"அடுப்பு ஏன் அணைஞ்சு கிடக்கு?"

சமையலறை வாசலில் நின்று தலைவர் கேட்டார். அவர் மனைவி காலில் இருந்த செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை. இருவருக்கும் ஒரே மெத்தைத் தொழிற்சாலை. அவள் தையல் பிரிவு. நாக்கு கொஞ்சம் கூர்மை என்பதால் அங்கே எல்லோருக்கும் அவள் ஊசியக்கா. அவர் தொழிற்சங்கத் தலைவர். வீட்டிலும் அவர்தான் தலைவர், அதற்கு மட்டும் தேர்தல் நடந்ததே இல்லை.

"யாராச்சும் என்னைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கப்பா! முதுகு பத்தி எரியுது" என்று உள்ளறையிலிருந்து மாமியார் கூப்பிட்டாள். பகலில் துணைக்கு இருக்கும் பக்கத்து வீட்டுப் பெண் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவாள். அதற்குப் பிறகு அந்தப் படுத்த படுக்கைக்கு ஊசியக்காதான் எல்லாம்.

அவள் போய் மாமியாரைத் திருப்பிப் படுக்கவைத்து, நனைந்த விரிப்பை மாற்றிவிட்டு வந்தாள்.

"ஓவர்டைம். சூப்பர்வைசர் விடலை. ஏற்கனவே ரெண்டு தடவை மாட்டேன்னுட்டு வந்துட்டேன். மூணாவது தடவை வந்தா வேலை போச்சு. மூணு தடவை மறுத்தா வேலை போகும்னு ஒப்பந்தத்துல கையெழுத்து போட்ட மகராசன் யாருங்க?"

"தக்க காரணம் இருந்தா விடணும்னும் அதுல இருக்கே!"

"அத்தை படுத்த படுக்கையா இருக்காங்கன்னு சொன்னேனே, உங்க கமிட்டி என்ன சொல்லிச்சு?"

கமிட்டியில் நாலு பேர், நாலும் ஆம்பளை. பந்தாட்டப் போட்டி என்று காரணம் சொன்னவனை முதுகில் தட்டி அனுப்பிவைத்த கமிட்டி அது. அவள் விஷயம் வந்தபோது, "வீட்டு வேலை பொம்பளைங்க தினம் செய்யறதுதானே, அது எப்படிக் காரணமாகும்?" என்று தீர்ப்புச் சொன்னவர் தலைவரேதான். என்ன நியாயமோ, அவருக்கே வெளிச்சம்!

"நாளைக்கும் ஓவர்டைம். நான் நிக்கத்தான் போறேன், எனக்கு இந்த வேலை வேணும். அத்தையை நீங்க பாத்துக்குங்க."

"நானா?"

"உங்க அம்மாதானே? நான் கூட்டிட்டு வந்த அம்மாவா?"

மறுநாள் சாயங்காலம் சூப்பர்வைசர் எல்லோரையும் நிறுத்திவைத்தார். தலைவர் அவரை ஓரமாகக் கூப்பிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று குசுகுசுத்தார். சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல்.

"அடடே! வீட்டு வேலை காரணமாகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க தலைவரே? உங்க கணக்குல ஒண்ணு போட்டுக்கட்டுமா?"

தையல் பிரிவில் ஒரே சிரிப்பு. தலைவர் அசடு வழிய வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததை மாமியார் பிற்பாடு ஊசியக்காவிடம் விலாவாரியாகச் சொன்னாள். "கஞ்சி பாதி கழுத்துல, பாதி தலைகாணில. டேய், வாய் இங்க இருக்குடான்னு நான்தான் காட்டவேண்டியதாப் போச்சு. அவ எப்படிம்மா தனியாப் பண்றான்னு கேக்கறான். இத்தனை நாள் கழிச்சு இன்னிக்குத்தான் கேக்கணும்னு தோணிச்சாடான்னேன்."

தலைவர் கணக்கில் இரண்டு விழுந்ததும் சங்கக் கூட்டத்தைக் கூட்டினார்.

"தோழர்களே! பெத்த தாயைப் பாத்துக்கறது காரணமில்லைன்னா, இந்த உலகத்துல வேற எதுதான் காரணம்?"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. இரண்டொருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள். போன வருஷம் தையல் பிரிவுப் பெண்கள் இதையே கேட்டபோது இதே கூட்டம் கெக்கெக்கே என்று சிரித்ததே!

"அதேதானே அக்கா நாம கேட்டது?" என்றாள் பக்கத்து மெஷின்காரி.

"அப்ப நாம கேட்டோம். இப்ப அவரு கேக்கறாரு."

நிர்வாகம் ஒப்புக்கொண்டது, ஒரே நிபந்தனையோடு. ஓவர்டைம் நிற்காமல் ஆறு மணிக்குக் கிளம்பும் இந்தச் சலுகை வீட்டுக்கு ஒருவருக்குத்தான். குடும்பத்தில் யார் வந்து யார் பெயரைக் கொடுத்தாலும் சரி, கொடுத்த பெயரை வருஷம் முழுக்க மாற்றக்கூடாது. தலைவர் கண்ணை மூடிக்கொண்டு சம்மதித்தார். தன் வீட்டில் அந்த ஒருவர் யாரென்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

அடுத்த ஓவர்டைம் அன்று அவர் தையல் பிரிவுக்கே வந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இனிமே நீ ஆறு மணிக்குத் தாராளமா வீட்டுக்குக் கிளம்பு. எவனும் கேக்கமாட்டான்" என்றார்.

ஊசியக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "காலையிலேயே பேரு கொடுத்துட்டேங்க."

"சபாஷ்!"

"உங்க பேரை."

தலைவர் திருதிருவென்று விழித்தார். "ஏய், என்ன விளையாட்டு இது? மாத்து!"

"வருஷம் முழுக்க மாத்த முடியாதே தலைவரே" என்றார் சூப்பர்வைசர். "அன்னிக்கு நீங்க பேசினதுல எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. பெத்த தாயாச்சே!"

ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. தலைவர் பையைத் தூக்கிக்கொண்டு, தையல் மெஷின்களுக்கு நடுவே நடந்தார். மூலையில் ஒருத்தி கைதட்ட, வரிசை மொத்தமும் தட்டியது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனதற்காக அந்தத் தொழிற்சாலையில் கைதட்டல் வாங்கிய முதல் ஆள் அவர்தான். இத்தனை வருஷமும் அவள் அரக்கப்பரக்க ஓடினாளே, அப்போது யாரும் தட்டவில்லை.

ஊசியக்காவும் தட்டவில்லை. அடுத்த மெத்தையை இழுத்துப் போட்டுக்கொண்டு, தலையைத் தூக்காமலே குரல் கொடுத்தாள்.

"மாத்து விரிப்பு அலமாரில மேல் தட்டுல இருக்கு!"