ஸ்டாக்ஹோமில் என்ன பார்த்தீர்கள்

நவம்பரில் எங்கள் சுற்றுலாத் தகவல் மையத்துக்குக் கூட்டம் வராது. ரயில் நிலையத்துக்கு எதிரே இருப்பதால், குளிருக்கு ஒதுங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். அன்று வந்த வயதான தம்பதி அப்படியில்லை. காலணியில் ஒட்டிய பனியை வாசலிலேயே தட்டிவிட்டு, நேராக என் மேசைக்கு வந்தார்கள்.

"பழைய நகரத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம். அப்புறம் அரண்மனை..." என்று வரைபடத்தை விரித்தேன்.

அந்த அம்மாள் அதன் மேல் கையை வைத்தார். "அதெல்லாம் வேண்டாம்மா. வீடில்லாதவங்க பகல்ல எங்க இருப்பாங்க? அதைக் குறிச்சுக் குடு."

அவர் பெயர் சிக்னே. கணவர் ஃபோல்கே, வடக்கே யெல்லிவாரேயில் இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் ஸ்டெல்லான் வீட்டை விட்டுப் போய் நாலு வருடம். போன மாதம் இங்கே சுரங்க ரயிலில் அவனைக் கந்தலோடு பார்த்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

நூலகம், தேவாலயத்துக் கஞ்சிக்கூடம், சுரங்க ரயில் நிலையங்கள் என்று குறித்தேன். கஞ்சிக்கூடத்தைத் தவிர, சுற்றிப் பார்க்க வருகிறவர்களை நான் வழக்கமாக அனுப்பும் இடங்களும் அவையேதான். வேலை முடிந்ததும் நானும் கூடப் போனேன்.

கஞ்சிக்கூடத்தில் ஒரு தாடிக்காரர், சிக்னே காட்டிய மகனின் புகைப்படத்தைப் பார்த்துச் சிரித்தார். "இவ்வளவு சதை இப்ப ஏது! நீலத்துல கொடியும் இலையுமா வரைஞ்ச ரயில் நிலையத்துல பாருங்க."

அங்கே பாறைக் கூரையில் வரைந்திருந்த கொடிகளைச் சிலர் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அப்பால், நடைமேடைக் கோடியில் அவன் உட்கார்ந்திருந்தான்.

சிக்னே ஓடினார். "ஸ்டெல்லான்! சாப்பிட்டியாடா?"

யெல்லிவாரே பக்கத்து வடக்கத்திக்காரர்கள் 'ஆமாம்' என்று வாய் திறந்து சொல்வதில்லை. உதட்டைக் குவித்துச் சட்டென்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். அவனும் இழுத்தான். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான்.

"யாரும்மா நீங்க? ஆளு மாறிக் கூப்பிடுறீங்க."

"நான்டா... அம்மாடா..."

"எனக்கு அம்மா இல்ல."

ரயில் வந்தது. ஏறிக்கொண்டான். கதவு மூடியது.

"அவன் இல்ல சிக்னே. வா" என்றார் ஃபோல்கே.

"மூச்சை இழுத்தானே! உங்க காதுல விழலையா?"

"இல்லேன்னு சொல்லிட்டானே. பின்ன என்ன செய்யச் சொல்ற?"

அந்த வாரம் முழுவதும் அதே நடைமேடையில் காத்திருந்தார்கள். அவன் வரவேயில்லை. நானும் விசாரித்துப் பார்த்தேன். அவன் ஊரை விட்டே போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஊர் திரும்பும் நாளில் பெட்டியோடு மையத்துக்கு வந்தார்கள்.

"ஊர்ல கேப்பாங்கம்மா, தலைநகரத்துல என்ன பாத்தீங்கன்னு" என்றார் ஃபோல்கே. "சுத்திப் பாக்கப் போறோம்னுதான் சொல்லிட்டு வந்தோம். ஏதாவது ஒண்ணு சொல்லிக் குடு."

அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய போர்க்கப்பலைப் பற்றிச் சொன்னேன். புறப்பட்ட அன்றே, துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் மூழ்கிய கப்பல். முந்நூறு வருடத்துக்கு மேல் கழித்து வெளியே எடுத்தார்கள்.

"எவ்வளவு உசரம்?" என்று கேட்டார் சிக்னே.

"நாலு மாடிக்கு மேல இருக்கும்மா. உள்ளே இருட்டா இருக்கும். பின்பக்கம் பூரா மரச்சிற்பம்."

"நாலு மாடி. இருட்டு. மரச்சிற்பம்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு கணவரின் கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டிவிட்டார். "நீங்க மாத்திச் சொல்லித் தொலைக்காதீங்க."