நெஞ்சுக்கு வண்டி கிடையாது

முழங்கால் மூட்டு மாற்றிய பிறகு என் இடது கெண்டைக்காலில் ஒரு பயணி வந்து உட்கார்ந்தார். இந்த ஆபரேஷன் செய்துகொண்ட சிலருக்கு இப்படி ஒருவர் வருவது வழக்கம்தான். வெள்ளை வேட்டி, மடியில் ஒரு மஞ்சள் பை. நெஞ்சுக்குப் போகவேண்டும், வண்டி எப்போது என்று கேட்டார்.

என்னைப் போய்க் கேட்டாரே என்று இருந்தது. தென்காசி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். ஆயுசு முழுக்க இந்தக் கேள்விக்கு நின்றுகொண்டே பதில் சொல்லித்தான் முழங்கால் தேய்ந்தது. புது மூட்டு போட்ட பிறகாவது சும்மா கிடக்கலாம் என்று பார்த்தால், காலுக்குள்ளேயே ஒருவர்.

"இந்தா வந்துரும், உக்காரும்" என்றேன். வேறென்ன சொல்வது?

ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் வயிற்றில் ஊசி போட வீட்டுக்கு வரும் நர்ஸ் ஜெசிந்தா, காலைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தாள். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடுத்தார்கள். படத்திலும் அவர் ஒரு பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்.

"ரத்தக்கட்டுதான் சார். ஆளு இங்கேயே இருக்கிற வரைக்கும் சமாளிச்சுரலாம். மேல ஏறிட்டாருன்னா நுரையீரல்ல வழியை அடைச்சிருவாரு, உங்களுக்கு மூச்சு நின்னுரும். ஊசி போடப் போட மெலிஞ்சிருவாரு. நீங்க படுத்தே கிடக்காதீங்க, நடங்க. காலை மட்டும் யாரும் அமுக்கி விடக் கூடாது" என்றாள் ஜெசிந்தா.

நடப்பதில் உள்ள நியாயம் எனக்கு உடனே புரிந்தது. நிற்காமல் ஓடுகிற வண்டியில் யாரும் ஏற முடியாது. நான் நின்றால் ரத்தமும் நிற்கும், அவர் ஏறிவிடுவார். ஆகவே வாக்கரைப் பிடித்துக்கொண்டு முன்னறைப் பட்டாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தேன். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் "வண்டி கிளம்பிட்டா?" என்று அவர் கேட்பார். "கிளம்பிட்டாம்" என்பேன். சே, என்ன பிழைப்பு!

எனக்கு அலுத்துப்போயிருந்தது. வலி ஒரு பக்கம். என் மனைவி பகவதி போய்ச் சேர்ந்த பிறகு, இப்படி நடந்து எந்த ஊர் போகப்போகிறேன் என்ற யோசனை இன்னொரு பக்கம். ஒரு நாள் பேச்சுவாக்கில் பயணியிடம், நெஞ்சில் அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"எனக்கு யாரும் இல்ல. உங்க வீட்டம்மாதான் அங்க இருக்காங்க. அவங்க அனுப்பித்தான் வந்தேன்" என்றார்.

அதற்குப் பிறகு நான் சரியாக நடக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்துவிட்டேன்.

என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த பேச்சியக்காவுக்கு அந்தப் பயணியின் மேல் ஆரம்பத்திலிருந்தே இரக்கம். அவருக்கும் சேர்த்துக் காபி போடுவாள். அவர் பங்கையும் நான்தான் குடிக்கவேண்டும். "பாவம்லா, அந்த மனுசன் எவ்வளவு நேரந்தான் காத்துக் கெடப்பாரு? நீ உத்தியோகம் பாத்த லட்சணத்துக்கு ஒரு வண்டி விட மாட்டங்கியே" என்று என்னைத்தான் திட்டுவாள். நான் சாய்ந்து கிடப்பதைப் பார்த்ததும் நல்லெண்ணெயைச் சுடவைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்துவிட்டாள்.

"ஆவுடை, காலை நீட்டு. மேல்முகமா நாலு இழுப்பு இழுத்து விட்டேன்னா அவரும் ஊர் போய்ச் சேருவாரு, உனக்கும் வீக்கம் வத்தும்."

ஜெசிந்தா சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் நீட்டினேன். போனால் போகட்டும் என்றுதான் நீட்டினேன். பகவதியைப் பார்க்கலாமே.

எண்ணெயின் சூடு பட்டதும் பயணி எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். ஏறப்போகிறவரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்.

"அவ என்ன சொல்லி அனுப்புனா? வார்த்தை மாறாமச் சொல்லும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அவுக எப்ப வருவாகன்னு மட்டும் கேட்டுட்டு வாங்கன்னாங்க. அவசரமில்லையாம். தோசைக்கல்ல எப்பப் போடணும்னு தெரியணுமாம்."

அதே பகவதி. டூட்டி முடிந்து நான் எத்தனை மணிக்கு வந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டாள். சூடாகத் தட்டில் விழவேண்டும், அதுதான் அவள் கவலை. என்னைக் கூட்டிவரச் சொல்லவே இல்லை அவள்.

வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டேன். கிண்ணம் உருண்டு எண்ணெய் தரையெல்லாம் ஓடியது.

"தம்பிக்கு நல்லது செய்ய வந்தேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்று அக்கா எழுந்துபோனாள்.

நான் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றேன். நெஞ்சைப் பார்த்துக் குனிந்து, பஸ் ஸ்டாண்டு மைக்கில் பேசும் குரலில் அறிவித்தேன்: "பயணிகளின் கவனத்திற்கு. நெஞ்சுக்குச் செல்லும் வண்டி இன்று கிடையாது. நாளையும் கிடையாது. ஆவுடையப்பன் வந்துசேரத் தாமதமாகும்."

பயணி பையை மடியில் இறக்கி வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். எத்தனையோ பேர் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்தவன் நான். எனக்கு அவர் மேல் கோபமில்லை.

நடந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். ஊசிக்கு ஊசி அவர் மெலிந்தார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. பிறகு பை அவரைவிடப் பெரிதாகத் தெரிந்தது. ஒரு காலையில் பெஞ்சில் பை மட்டும்தான் இருந்தது. ஜெசிந்தா காலைத் தொட்டுப் பார்த்து, "வீக்கம் வத்திட்டு சார். ஆனாலும் மாத்திரையை விட்டுராதீங்க, நடையையும் விட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் கொஞ்சம் நின்றேன். கெண்டைக்காலில், அந்தப் பெஞ்சில் பகவதி உட்கார்ந்திருந்தாள். யாரோ விட்டுப்போன பையை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி கிடையாதுன்னு நீங்க போட்ட சத்தம் மேல வரைக்கும் கேட்டுச்சு. அதான் நானே எறங்கி வந்துட்டேன். ஏன் நிக்கிய? நடங்க" என்றாள்.

நடந்தேன். அடுக்களைப் பக்கம் திரும்பியபோது அக்கா தலையை நீட்டினாள். அவளுக்குக் கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

"பகவதிக்குக் காபியில சீனி கம்மிதானே?"

"ஆமா" என்றேன்.