பிஸ்கற்றின் கணையம்

மெல்பேர்னின் டார்னெய்ட்டில் தன் வீட்டுக் குசினி மேசையில் ஒரு ஃபெரெட்டைப் படுக்கவைத்துக் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போடுவாள் என்று போன வருடம் யாராவது சொல்லியிருந்தால் கௌசிகா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

ஃபெரெட், கீரிப்பிள்ளையைப் போல நீண்ட உடம்பும் குட்டைக் கால்களும் கொண்ட வளர்ப்புப் பிராணி. பக்கத்து வீட்டுக் கிரண் பிரிஸ்பேனுக்கு வேலை மாறிப் போனபோது, அந்த நகரம் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் அதை வளர்க்கச் சட்டம் இடம் தராது என்பதால், கௌசிகாவின் கணவர் சிவசோதியிடம் கூட்டோடு கொடுத்துவிட்டுப் போனான். கிரண் வைத்த பெயர் பிஸ்கற். "உந்த எலியை வீட்டுக்குள்ள விடமாட்டன்" என்றாள் கௌசிகா. ஒரு கிழமைக்குள் அது அவள் மடியில் உறங்கியது.

கோடை முடியும் நேரத்தில் பிஸ்கற் நின்ற இடத்திலேயே வெறித்துப் பார்க்கத் தொடங்கியது. பின்னங்கால்கள் சறுக்கின. கிளினிக்கில் சோதித்தபோது கணையத்தில் சின்னக் கட்டிகள் இருந்தன. அவை இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரந்து, இரத்தத்தில் சர்க்கரையை இறக்கிக்கொண்டிருந்தன. கட்டிகளோடு கணையத்தில் ஒரு பகுதியையும் மிருக வைத்தியர் வினுஷா வெட்டி எடுத்தாள். பிறகு எல்லாம் தலைகீழ். சர்க்கரை ஏறியது, இறங்க மறுத்தது. பிஸ்கற் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவேயில்லை.

வினுஷா மெல்பேர்னில் பிறந்தவள். தமிழ்ச் சொற்களைத் தேடித் தேடிப் பேசினாள். "மிச்சக் கணையம் இவ்வளவு நாளும் வேலை இல்லாமல் நித்திரை கொண்டிட்டுது, அன்ரி. எழும்பலாம், எழும்பாமலும் விடலாம். அதுவரைக்கும் இன்சுலின் குடுக்கோணும். ஆனா ஒவ்வொரு ஊசிக்கும் முதல் கட்டாயம் சர்க்கரையைச் செக் பண்ணுங்கோ."

அன்றிலிருந்து சிவசோதி பிடிப்பார், கௌசிகா குத்துவாள். முதல் நாட்களில் அவள் கண்ணை மூடிக்கொண்டு குத்தப் பார்த்தாள். "கண்ணைத் திறவும், என்ர கையில குத்திப்போடாதேயும்!" என்று அவர் கத்துவார்.

ஒரு வியாழக்கிழமை சிவசோதி ட்ருகனினா பண்டகசாலையில் முற்பகல் வேலைக்கு முன்கூட்டியே போய்விட்டார். கௌசிகா தனியே ஊசியில் மருந்தை எடுத்துவைத்துக்கொண்டு கூப்பிட்டாள். பிஸ்கற் வரவில்லை. கூட்டுக்குள் துணிபோலக் கிடந்தது. வாயில் எச்சில் வழிந்தது. முன்னங்காலால் வாயைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

சர்க்கரை ஏறித்தான் இப்படிக் கிடக்கிறதோ? ஊசியைப் போட்டால் எழும்பிவிடுமோ? கை ஊசியோடு கிட்டப் போய்விட்டது. ஒரு கணம்தான். அவள் ஊசியை மேசையில் வைத்துவிட்டு, காது நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தாள். கருவியில் இரண்டு தசம் நான்கு என்று வந்தது. ஏறவில்லை! பாதாளத்துக்கு இறங்கியிருந்தது.

கிளினிக்குக்கு அழைத்தாள். கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்து, வினுஷாவிடம் எண்ணைச் சொன்னாள்.

"ஊசி போட்டிட்டீங்களா அன்ரி?"

"இல்லைப் பிள்ளை, இன்னும் போடேல்லை!"

"சூப்பர்! போடவே போடாதேங்கோ. தேனைத் தொட்டுப் பல்லு முரசில பூசுங்கோ. வாய்க்குள்ள ஊத்தாதேங்கோ, மூச்சடைக்கும்."

கௌசிகா தேனைப் பூசினாள். ஒன்றும் இல்லை. மறுபடி பூசினாள். "டேய் பிஸ்கற், என்ர குஞ்சு, எழும்படா!" சின்ன நாக்கு ஒன்று வெளியே வந்து அவள் விரலை நக்கியது. பிறகு இன்னொரு தரம். பிறகு தலை நிமிர்ந்தது. அரைத்த இறைச்சியை முன்னே வைத்ததும் அது கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துச் சத்தமாகத் தின்றது. கௌசிகா அழுதபடியே சிரித்தாள்.

துவாயில் சுற்றி, கூட்டில் வைத்துக் கிளினிக்குக்குக் கொண்டு போனாள். மணிக்கணக்காக இன்சுலின் கொடுக்காமல் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் தாண்டி வினுஷா கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அன்ரி! எழும்பீட்டுது!"

"பிஸ்கற்றோ?"

"கணையம்! இன்சுலின் இல்லாமலே சர்க்கரை நோர்மலா நிக்குது. தானாச் சுரக்குது. அதுக்கு மேல நேத்துப் பின்னேரம் போட்ட ஊசியும் சேர்ந்ததாலதான் இறங்கினது. இண்டைக்குக் காலமை நீங்க போட்டிருந்தா..." அவள் முடிக்குமுன் கௌசிகா அவளைக் கட்டிப்பிடித்துவிட்டாள்.

கார் நிறுத்துமிடத்தில் நின்று சிவசோதிக்கு அழைத்தாள். "இஞ்சருங்கோ, இனி ஊசி வேண்டாமாம்! கணையம் வேலை செய்யுதாம்!"

மறுமுனையில் சிவசோதி போட்ட கூச்சலில், கூட வேலை செய்யும் லதீஸ் ஓடிவந்து கேட்பது அவளுக்குக் கேட்டது. "என்னண்ணை, ஆருக்குப் பிள்ளை பிறந்தது?"

"பிள்ளை இல்லையடா, கணையம்!"

கட்டிகள் திரும்பி வரக்கூடும், இடைக்கிடை சோதிக்க வேண்டும் என்று வினுஷா சொல்லித்தான் அனுப்பினாள். அன்று மாலை அதை யாரும் நினைக்கவில்லை. பிஸ்கற் சந்தோஷத்தில் முதுகை வளைத்துப் பக்கவாட்டில் துள்ளித் துள்ளிக் குசினி முழுக்கச் சுற்றியது. குளிர்சாதனப் பெட்டியில் முட்டி விழுந்து, எழும்பி மறுபடி துள்ளியது. சிவசோதி வேலைச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அதன் பின்னால் தவழ்ந்தார். கௌசிகா கதிரையில் ஏறி நின்று கைதட்டினாள்.