குண்டப்பாவின் மஞ்சள் ஸ்வெட்டர்

கோபம் வந்தால் எனக்கு வாய் அடைத்துப்போகும் என்று என் அகத்துக்காரர் சேஷகிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சொல்வதில்லை.

பெங்களூரில் செக்ரடேரியட் விதான சௌதாவுக்கு மாறின வருஷம், மார்கழி மாசம். அவருடைய தங்கை ரமாவுக்கு எங்கள் மல்லேஸ்வரம் வீட்டில்தான் தலைப்பிரசவம். பெற்றவர்கள் இல்லாத பெண்ணுக்கு அண்ணா வீடே பிறந்த வீடு. அண்ணா வீடு என்றால் அண்ணா என்ன செய்வார்? காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போவார். வாந்தி எடுத்தபோது தலையைப் பிடித்தது நான். வாய்க்குப் பிடித்த துவையலாக அரைத்துக் கொடுத்தது நான். லேகியம் கிளறியது, வெந்நீர் போட்டது, முதுகைப் பிடித்துவிட்டது எல்லாம் நான்.

எனக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகிறது. நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு விசாரிப்பார்கள்.

ஸ்வெட்டர் பின்னுவேன். லேடீஸ் கிளப்புக்கு அல்சூரிலிருந்து வந்துகொண்டிருந்த மௌரீன் சொல்லிக்கொடுத்தது. எங்கள் கிராஸ் தெருவில் பிறந்த குழந்தைகளில் முக்கால்வாசி நான் பின்னியதைப் போட்டுக்கொண்டுதான் தவழ்ந்தன. “அலமேலு, உன் கை ராசி” என்று புகழ்ந்து வாங்கிக்கொண்டு போவார்கள். பெயர் வைக்கிற அன்று போனால் பின்னால், சுவர் ஓரமாக உட்காரச் சொல்வார்கள். நானும் உட்கார்ந்து, சுண்டலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இப்போது நினைத்தால் அந்தச் சுண்டல் மேலேயே கோபம் வருகிறது.

ரமா அப்படியில்லை என்று நினைத்திருந்தேன். வயிறு தெரிய ஆரம்பித்த நாளிலேயே, என் தோளில் சாய்ந்துகொண்டு, குழந்தைக்கு முதல் சட்டை மன்னிதான் போட்டுவிட வேண்டும் என்று அவளாகவே சொன்னாள். நான் கேட்கவில்லை.

எங்களில் ஒரு வழக்கம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு முன்கூட்டியே எதுவும் தைக்கவோ பின்னவோ கூடாது. மௌரீனுக்கு இது புரிந்ததே இல்லை. அவர்கள் வீட்டில் குழந்தை வருவதற்குள் பெட்டி நிறைந்துவிடுமாம். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? மஞ்சள் உல்லன் வாங்கி பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவைத்தேன். பிள்ளை பிறந்தது என்று காதில் விழுந்த பிறகுதான் ஊசியைத் தொட்டேன். பெயர் வைக்கும் வரை குழந்தைக்குப் புதுத் துணியும் ஆகாது. அந்தக் குளிரில் அவன் சேஷகிரியின் பழைய வேஷ்டித் துண்டில் நடுங்கிக்கொண்டு கிடந்தான். நான் குமுட்டி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பால் பொங்குகிறதா என்று ஒரு கண்ணும் பின்னலில் ஒரு கண்ணுமாக அவசர அவசரமாகப் பின்னினேன். தலை சுலபமாக நுழையட்டும் என்று தோளில் பொத்தான் வைத்தேன்.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை. ரமாவின் மாமியார் பாமா மாமி முதல்நாளே மைசூரிலிருந்து வந்துவிட்டாள். காலையில் தாம்பாளத்தில் மஞ்சள் குங்குமத்தோடு ஸ்வெட்டரைப் பார்த்தாள். கையில் எடுத்துத் தடவினாள். ரொம்ப மெத்தென்று இருக்கிறது என்றாள். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு நேரே என் சமையலறைக்குள் போய், நான் தினமும் அம்மியில் அரைக்கிற குழவிக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அலம்பி, மஞ்சள் பூசி, மையால் கண் வரைந்தாள். கன்னடக்காரர்கள் செய்வதுதான். தொட்டிலில் முதலில் கல்லைப் போடுவார்கள், அதற்குக் குண்டப்பா என்று பெயர். திருஷ்டியெல்லாம் கல்லோடு போய்விடுமாம். மைசூரில் இருந்து இருந்து இவர்களுக்கும் அது பழக்கமாகிவிட்டது. அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. அடுத்த வீட்டில் துண்டைச் சுற்றிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பாமா மாமி துண்டைத் தேடவில்லை. என் ஸ்வெட்டரை எடுத்துக் கல்லுக்கு மாட்டினாள். நுழையவில்லை. இழுத்து மாட்டினாள். தோள் பொத்தான் ஒன்று தெறித்துப் போய்க் கோலத்தில் விழுந்தது.

என்ன மாமி இது என்று கேட்டேன். வந்திருந்த பெண்களெல்லாம் கேட்கும்படிதான் பதில் சொன்னாள்.

“முதல்ல கல்லுக்குப் போட்டுட்டா, எந்தக் கண்ணா இருந்தாலும் அதோட போயிடும். அப்புறம் ரமாவே குழந்தைக்குப் போட்டுவிடுவா. நீ குண்டப்பாவை மடியில வாங்கிக்கோ. அடுத்த வருஷம் உனக்கும் ஆகும்.”

ரமாவைப் பார்த்தேன். அவள் குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சரியாக இருந்த துணியை.

கல்லை என் மடியில் வைத்தார்கள். கனம், சில்லென்று ஈரம். மஞ்சள் தண்ணீர் உல்லனில் ஊறி என் புடவையில் இறங்கியது. பெண்கள் தாலாட்டு பாடினார்கள். முடிந்ததும், போதும், தொட்டிலில் விடு என்றாள் பாமா மாமி.

“தூங்கறான். எழுப்பாதீங்கோ” என்றேன்.

முதலில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் யாரும் சிரிக்கவில்லை. கல்லைப் போடாமல் குழந்தையைப் போட முடியாது. பத்தரைக்கு ராகுகாலம் வந்துவிடும் என்று வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். சேஷகிரி குனிந்து என் காதில், நாலு பேர் எதிரில் வேண்டாம் அலமேலு என்றார்.

“நாலு பேர் எதிர்லதானே என் மடியில கல்லை வெச்சா?”

அவர் நிமிர்ந்துகொண்டார். பத்து வருஷமாக முழுங்கினதெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. முதல் சட்டை நான் போட வேண்டும் என்று சொன்னது ரமா, அவள் சொன்னதைச் செய்யட்டும், கல்லைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். பாமா மாமி என்னைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், ரமாவிடம் தலையை ஆட்டினாள்.

ரமா எழுந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். நான் கல்லைக் கீழே வைத்து, ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் நீட்டினேன். குழந்தை என் கைக்கு வந்தான். கால் மட்டும் வரவில்லை. ரமா அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடுவாள் என்று காத்திருந்தேன். விடவில்லை. நிமிர்ந்து பார்த்தால், அவள் கண் மாமியார் மேல் இல்லை. என் முகத்தின் மேல் இருந்தது. பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்னை.

அதுவரை என் கோபமெல்லாம் பாமா மாமி மேல். அவள் யாரோ மைசூர்க்காரி. இவள் தலையை நான் பிடித்திருக்கிறேன்.

“எடுத்துண்டு போ” என்று குழந்தையைத் திருப்பிக் கொடுத்தேன். வெறும் கல்லைத் தொட்டிலில் போட்டேன். ராகுகாலத்துக்கு முன்னால் எல்லாம் முடிந்தது. சீனிவாசராகவன் என்று பெயர் வைத்தார்கள். முடிந்த கையோடு கல்லை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். ஸ்வெட்டரை மறுபடி அதற்கே மாட்டி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

சாதம், சாற்றமுது, பாயசம் எல்லாம் ஆகியிருந்தது. தேங்காய்த் துவையல்தான் பாக்கி. பாமா மாமி எட்டிப் பார்த்து, இன்னும் அரைக்கவில்லையா என்றாள்.

“இது நீங்க குடுத்த குழந்தை மாமி. குழந்தையை வெச்சு எப்படி அரைக்கிறது?”

துவையல் இல்லாமலேயே சாப்பிட்டார்கள். என் கை குழந்தை மேல் பட்டால் தோஷம். அந்தக் கை அரைத்தது இலையில் இல்லை என்றால் குறை. சேஷகிரி சாப்பிட்டுவிட்டு வாசலுக்குப் போய்ப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

மூன்று மணிக்கே வெயில் மங்கிக் குளிர ஆரம்பித்துவிட்டது. ரமா குழந்தையோடு சமையலறைக்கு வந்து நின்றாள்.

“நான் ஒண்ணும் சொல்லலை மன்னி. அவாதான் சொன்னா.”

“காலைப் பிடிச்சுண்டது நீ.”

அழுதாள். அழட்டும் என்று இருந்தேன். தேற்றுகிற வேலையும் நானேதான் செய்ய வேண்டுமா? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து, என் மடியிலிருந்த கல்லை எடுத்துத் தரையில் வைத்தாள். அந்த இடத்தில் குழந்தையைப் படுக்கவைத்தாள். இரண்டு கையையும் எடுத்தாள். கூடத்துக்குப் போய், கதவையும் சாத்திக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கல்லிலிருந்து ஸ்வெட்டரைக் கழற்றினேன். கழுத்து தளர்ந்து போயிருந்தது. நெஞ்சில் மஞ்சள் திட்டு, ஓரத்தில் மை. அவனுக்குப் போட்டேன். ஒரு தோள் வழுக்கி இறங்கியது. பொத்தான் போன இடத்தில் ஊக்குக் குத்த மனசு வராமல் நூலால் முடிந்தேன். கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டேன். அவன் ஒரு தும்மல் போட்டுவிட்டுத் தூங்கிப்போனான். என் கோபம் தீர்ந்தது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். தீரவில்லை. ஆனால் அவனை மடியிலிருந்து இறக்கவும் இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு பாமா மாமி வந்தாள். குழந்தையைப் பார்த்தாள், ஸ்வெட்டரைப் பார்த்தாள், தரையில் கிடந்த கல்லைப் பார்த்தாள். ராத்திரிக்குத் துவையல் வேண்டும் என்று மட்டும் சொன்னாள். நான் மடியைக் காட்டினேன். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு, கல்லை அலம்பி, அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து தேங்காயை அரைத்தாள்.

உப்பு ஜாஸ்தி. நாலு பேர் எதிரில் சொன்னேன்.