தவிட்டுப் பிள்ளை

அண்ணனுக்கு வாசலில் கல் வைக்கப்போகிறேன், அவர் வரலாற்றை நாலு வரியில் எழுதிக் கொடு என்று ராஜவேலு மகனிடம் கேட்டார். மருமகள் கயல்விழி செத்த பிறகு அவர் பாலமுருகனிடம் பேசிய முதல் பேச்சு அது.

சரி என்றான். அவன் மனைவியின் உடம்பை ஏற்றிவந்த வண்டியை அதே வாசலில் மறித்து, அவள் பிறந்த காலனிக்கே கொண்டுபோகச் சொன்ன மனிதர் அவர். இப்போது அங்கே மாலை போட்டுக் கும்பிடப் போகிறார். அந்தக் கல்லில் எழுதும் வேலை தன் கைக்கு வந்ததே போதும் என்று நினைத்தான்.

பெரியப்பா தணிகைவேல் எழுபத்தொன்றாம் வருஷப் போரில் செத்தவர். பட்டாள உடுப்பில் ஒரு படம் கூடத்தில் தொங்கியது. வலது மூக்கில் ஒரு துளை. ஏன் என்று கேட்டால் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை.

கயல்விழியின் அத்தை எல்லம்மாள் திறந்தாள். வேர்க்கடலை உரித்துக்கொண்டே சொன்னாள்.

"முன்னாடி பொறந்ததுங்க ஒண்ணும் தங்கலையே மாப்ள. இதாவது தங்கட்டும்னு மூக்கு குத்தி எங்கம்மாகிட்ட வித்துட்டாங்க. ஒரு மொறம் தவிட்டுக்கு."

"அப்புறம் மீட்டுகினு போயிட்டாங்க இல்ல?"

"எங்க மீட்டாங்க? பெத்தவ வாசலுக்கு வந்து தவிட்டத் திருப்பிக் குடுத்து, மடியில வாங்கணும். அதான மொற? ஒங்க ஆயா காலனிக்குள்ள கால் வெக்கமாட்டேன்னு ரோட்டுலயே நின்னுகினு பண்ணையாள அனுப்பிச்சாங்க. எங்கம்மா பாஞ்சாலிக்கு ரோசம். புள்ளையக் குடுத்துட்டா. தவிட்ட வாங்கல."

"பெரியப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம? பட்டாளத்துக்குப் போறப்ப மொதல்ல எங்கம்மா கால்லதான் வுழுந்தாரு. சாவு சேதி வந்தன்னிக்கி எங்கம்மா ஒங்க வாசல்ல வந்து அழுதா. தொரத்திட்டாங்க."

பாலமுருகன் நேரே திருத்தணிக்குப் போய், கல் பட்டறையில் நின்று செதுக்கவைத்தான்.

திறப்பன்று துணியை விலக்கியதும் பங்காளி ஒருவர் உரக்கப் படித்தார்: "போரில் உயிர் நீத்த தணிகைவேல். காலனி பாஞ்சாலி தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை. இன்னும் மீட்கப்படாதவர்."

ராஜவேலு மகனின் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"என்னாடா இது?"

"நீங்க கேட்ட வரலாறு, நைனா. பொய்னா சொல்லுங்க, இப்பவே இடிச்சுடலாம்."

ராஜவேலு பொய் என்று சொல்லவில்லை. அதைப் பார்த்த பங்காளிகள் பிடித்துக்கொண்டார்கள்.

"மீக்காத புள்ளைக்கு நம்ம வீட்டுப் படையல் எப்படிய்யா சேரும்? இத்தினி வருஷமா யாருக்குத் திதி குடுத்துகினு இருந்த?"

"பெத்தவ இல்லன்னா கூடப் பொறந்தவன் போவலாம். போய் மீட்டுகினு வா. கல்ல அப்புறம் மாத்திக்கலாம்."

ராஜவேலு முறம் நிறையத் தவிட்டோடு காலனிக்கு நடந்தார். அவர் ஆயுளில் முதல் தடவை. பின்னால் பாலமுருகனும் பாதி ஊரும்.

எல்லம்மாள் வாசலுக்கு வந்து முறத்தைப் பார்த்தாள்.

"என்னாங்க, மாட்டுக்கா?"

யாரோ சிரித்தார்கள். ராஜவேலுவின் காது சிவந்தது.

"எங்க அண்ணனத் திருப்பிக் குடும்மா."

"குடுக்கறதுக்கு இல்லீங்க. தொரத்துனப்போ எங்கம்மாவும் அதத்தான் கேட்டா, அன்னிக்கி யாரும் குடுக்கல." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அவரு எங்க புள்ளையாவே இருந்துட்டுப் போறாரு. நாங்க கும்பிட்டுக்கறோம்."

உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தக்கூட இல்லை.

ராஜவேலு மகன் பக்கம் முறத்தை நீட்டினார். "புடிடா."

பாலமுருகன் வாங்கவில்லை. காற்றில் தவிடு பறந்து அவருடைய சலவை வேட்டியில் ஒட்டியது. ஜனம் அப்படியே நின்று பார்த்தது. யார் கண்ணிலும் படாமல் வரப்பு வழியாக வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவர் திரும்பினார். பாலமுருகன் வரப்பில் ஏறி மறித்து நின்றான்.

"தெரு வழியாவே போலாம், நைனா."